நாலு மணிக்கு எடுக்குறாக

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலத்தில், இருவரும் பேசிக்கொண்ட ஒரே இடம் வரி ஆபீஸ்தான். பேசிக்கொண்டார்கள் என்று சொன்னால் இரண்டு பேருமே என்னோடு சண்டைக்கு வருவார்கள். அப்பா பில் கலெக்டரம்மாவைப் பார்த்துப் பேசுவார். பெரியப்பாவும் பில் கலெக்டரம்மாவைப் பார்த்துத்தான் பேசுவார். அந்த அம்மாள் நடுவில் உட்கார்ந்து ரசீது போட்டுக்கொண்டே இந்தப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பேச்சை இந்தப் பக்கமும் தள்ளிவிடுவார். கைக்கெட்டும் தூரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு தபால்காரர் மாதிரி.

காரைக்குடியில் நகராட்சிக்குப் பெரிய ஆபீஸ் தனியாக இருந்தது. எங்கள் பக்கத்து ஜனங்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாமே என்று, ஒரு பழைய வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து, வீட்டு வரியும் தண்ணீர் வரியும் வாங்குவதற்கு ஒரு கிளை வைத்திருந்தார்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஓடும்போது கட்டுக்கட்டென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி, சுவரோரமாக நீளமான ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் ஆபீஸ். வெயில் நேரத்தில் வரி கட்டாதவர்களும் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். 'அரசாங்கத்துக்குக் குடுக்கிறதுல கொஞ்சமாச்சும் காத்தா வாங்கிக்கிருவோம்' என்று ஒருவர் சொன்னது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அண்ணன் தம்பிக்குள் ஏன் பேச்சு நின்றது என்றால், அதற்குக் காரணம் என் காது. எனக்குக் காதுகுத்து வைத்தபோது அடித்த பத்திரிகையில் பெரியப்பா பேருக்கு மேலே என் தாய்மாமன் பேர் ஏறிவிட்டது. 'அச்சாபீஸ்காரன் மாத்திப் போட்டுட்டான்' என்று அப்பா சமாதானம் சொன்னார். 'அச்சாபீஸ்காரனுக்கா நான் அண்ணன்? ஒனக்குத்தானடா அண்ணன்' என்று பெரியப்பா கேட்டார். அப்பா சும்மா இருந்திருக்கலாம். 'ஒரு பேர் மேல போனா என்ன, கீழ போனா என்ன' என்று கேட்டுவிட்டார். பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும் என்பார்கள். அப்பாவுக்குப் பதம் பார்க்கத் தெரியாது. பெரியப்பா பந்தியில் உட்காராமலே எழுந்து வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்று, 'இனி இந்த வாசல் நிலையை நான் தாண்டுறது கெட்டதுக்குத்தான்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போக வேண்டும், கெட்டதுக்குக் கேட்டாலே போக வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் எவ்வளவு பெரிய பகைக்கும் இந்த ஒரு சந்து மட்டும் திறந்தே இருக்கும். பெரியப்பா அந்தச் சந்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாக் கதவையும் சாத்திவிட்டார். காது குத்தினது எனக்கு. வலி என்னவோ அவர்கள் இரண்டு பேருக்கும்.

அவர்களை வரி ஆபீசுக்கு இழுத்து வந்தது அய்யா கட்டிய வீடு. அய்யா என்றால் அப்பாவைப் பெற்றவர், என் பிறப்புக்கு முன்பே போய்விட்டவர். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வரி இன்னும் அய்யா பேரில்தான் வந்துகொண்டிருந்தது. தம்பி மட்டும் கட்டினால் நாளைக்கு வீடு தனக்குத்தான் என்பான் என்று பெரியப்பாவுக்கு ஒரு நினைப்பு. அண்ணன் மட்டும் கட்டினால் அதே சந்தேகம் அப்பாவுக்கு. ஆகையால் இரண்டு பேரும் நேரில் வந்து, ஆளுக்குப் பாதி வைத்து, ஒரே ரசீதாக வாங்குவார்கள். என்றைக்கு வருவது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, கார்த்திகை நட்சத்திரத்தன்று குன்றக்குடிக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, வருகிற வழியில் வரி கட்டுவது அய்யா காலத்து வழக்கம். அண்ணனும் தம்பியும் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள், இந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. போகிற வழியில் கடலை மிட்டாய் கிடைக்கும், அது போதும் எனக்கு.

ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். பெரியப்பா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "ஏம்மா, அந்தப் பிள்ளைக்குக் குரல் ஏன் கம்மியிருக்கு? பனிக்குள்ள வெளையாட விடுறாகளா?" என்று கேட்டார்.

பில் கலெக்டரம்மா அப்பா பக்கம் திரும்பி, "குரல் ஏன் கம்மியிருக்குன்னு கேக்குறாரு" என்றார்.

அப்பா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, "ஐஸ் தின்னா. சொன்னாக் கேக்குறதில்ல. பிடிவாதத்துல அப்படியே பெரியப்பனை உரிச்சு வச்சிருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

"பெரியப்பனை உரிச்சு வச்சிருக்காம்."

"கேட்டுச்சும்மா. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியப்பா. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. பையிலிருந்து குன்றக்குடி விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு, "ஆடாதோடைக் கஷாயம் வச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்று மேசையிடம் சொன்னார். அன்று ரசீது வாங்கி நேரமாகியும் இரண்டு பேரும் கிளம்பவில்லை. மின்விசிறி நன்றாக ஓடுகிறது என்று அப்பா சொன்னார். ஆமாம், நன்றாகத்தான் ஓடுகிறது என்று பெரியப்பாவும் ஒத்துக்கொண்டார். அதையும் அந்த அம்மாளிடம்தான்.

அப்படி இருக்கையில், எனக்கு அரைப் பரீட்சை லீவு விட்டிருந்த சமயம், அம்மா காய் வாங்கப் போன இடத்தில் பில் கலெக்டரம்மாவைப் பார்த்திருக்கிறாள். "நாளையோட நம்ம ஆபீஸை எடுக்குறாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வருது. இனிமே எல்லாரும் பெரிய ஆபீசுக்குத்தான் போகணும். இல்லேன்னா இருந்த இடத்துலயே போன்ல கட்டிக்கிரலாம். உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிருங்க" என்று அவர் சொன்னாராம்.

அம்மா ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் அதைச் சொன்னாள். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கையில் எப்போதும் வார்னிஷ் வாசனை இருக்கும். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லதாப் போச்சு. போன்லயே கட்டிட்டா யார் மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்லை" என்றார். அதற்குப் பிறகு தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அம்மா இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்கவில்லை. கார்த்திகை வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. பெரியப்பா அன்றைக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். அத்தோடு சரி. அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கெட்டதுதான் வர வேண்டும். அம்மா இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அப்பா கடைக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

"சைக்கிள்ல போயி பெரியப்பாகிட்டச் சொல்லிட்டு வா. வரி ஆபீஸை இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறாக, அதுக்குள்ள வந்துருங்கன்னு அம்மா சொன்னாகன்னு சொல்லு. சொல்லிட்டு நிக்காம வந்துரு. அங்க எதுவும் திங்காத. அப்பா பேரை மட்டும் எடுக்காத. அப்பா எங்க, என்ன பண்றாருன்னு கேட்டாலும் வாயைத் திறக்காத. அப்பா அனுப்பிவிட்டதா நெனைச்சா அவுக வர மாட்டாக. என்ன?"

நான் தலையை ஆட்டினேன். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனேன். வரி ஆபீஸ், நாலு மணி, எடுக்குறாக, அம்மா சொன்னாக. அப்பா பேரை எடுக்கக் கூடாது. பெரியப்பா வீடு குன்றக்குடி ரோட்டுப் பக்கம். அந்தத் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். சைக்கிள் சறுக்கி நான் விழுந்தேன். முட்டியில் தோல் வழண்டு ரத்தம் வந்துவிட்டது. அழுதுகொண்டே சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். அழுததில் நான் கட்டிக்கொண்டு வந்திருந்த வாக்கியம் பாதி வழியிலேயே அவிழ்ந்து போயிற்று.

பெரியப்பா வாசலில் சாக்கை விரித்து நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். தலைகலைந்து, விம்மிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பேச்சு நின்றதிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போனதில்லை.

"என்னத்தா? என்ன ஆச்சு?"

எனக்கு மூச்சு முட்டியது. "நாலு மணிக்கு எடுக்குறாகளாம்" என்றேன். "அம்மா உங்களை அதுக்குள்ள வரச் சொன்னாக."

பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். மிகவும் மெதுவாக, "அப்பா எங்கத்தா?" என்று கேட்டார்.

அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையை மட்டும் அங்குட்டும் இங்குட்டும் ஆட்டினேன். முட்டி வேறு எரிந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்ட திருப்தியோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் பெரியம்மா "ஏய், நில்லுடி, நில்லுடி" என்று கத்துவது கேட்டது. நிற்காமல் வரச் சொல்லியிருந்தாளே அம்மா.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாரும் அதை அந்தப் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். 'எப்ப எடுக்குறாக?' என்றுதான் கேட்பார்கள். எதை என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. பொழுது சாயுமுன் எடுக்கிறார்கள், மகன் வந்த பிறகு எடுக்கிறார்கள் என்றால் ஊருக்கே புரியும். இந்தச் சொல்லை இப்படி ஒற்றையாக ஒரு வீட்டு வாசலில் போட்டுவிட்டு வரக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

நான் போன பிறகு அங்கே நடந்தது பின்னால் தெரிந்தது. பெரியப்பா உள்ளே போய்ச் செல்போனைத் தேடி, தம்பியின் பழைய நம்பருக்கு அடித்திருக்கிறார். அப்பா நம்பர் மாற்றிய விஷயம் அவருக்குத் தெரியாது. 'நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் குரல் சொன்னதாம். பெரியப்பா அதை மறுபடியும் போட்டுக் கேட்டாராம். பிறகு போனைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு, காயப் போட்டிருந்த கடலை மேலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

எங்கள் வீட்டில் அம்மா என் முட்டியைக் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டாள். "சொன்னியா?" என்று கேட்டாள். "சொன்னேன்" என்றேன். "என்ன சொன்னாக?" "ஒண்ணும் சொல்லலை." அம்மா பெருமூச்சு விட்டாள். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, கை கால் கிரீஸ் போக வேண்டுமென்று கொல்லைக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. ஆட்டோ நிற்பதற்கு முன்பே பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"பொன்னான கொழுந்தனாரே… பொழுதிருக்கப் போனீகளே…"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு வீட்டுல என்னமோ தெரியலையே" என்றாள். பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு வெளியே வந்துவிட்டார். பெரியம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு, நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பெரியப்பா, துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு.

"வாசலுக்கு வந்து நிக்கேன்… வாங்கன்னு சொல்ல ஆளில்லையே…"

சத்தம் கேட்டு அப்பா இடுப்பில் ஈரத்துண்டோடு, காதோரமெல்லாம் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்ததும் வாய் தன்னால் பழகின வழிக்குப் போயிற்று.

"வாங்க மதினி" என்றார்.

பெரியம்மா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைக் கீழே போட்டுவிட்டார்.

அப்பா பெரியம்மாவைப் பார்த்தார், பின்னால் நின்ற பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறு மாதிரி அர்த்தமாகிவிட்டது. பெரியப்பா வீட்டில்தான் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது, சொல்ல வந்திருக்கிறார்கள் என்று. "அண்ணே… யாருண்ணே? யாருக்கு என்னண்ணே?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கி அவர் கையைப் பிடித்தார். பிடித்ததோடு அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

பெரியப்பா அந்த நுரை முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ இருக்கியாடா… இருக்கியாடா…" என்றார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாருக்காக அழுகிறோம் என்று அப்பாவுக்குத் தெரியாது. யாருக்காக அழ வந்தோமோ அவரையே கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று பெரியப்பாவுக்குத் தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பதை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். தோளும் முதுகும் குலுங்கின.

பெரியம்மாதான் முதலில் தெளிந்தார். "ஏண்டி, நாலு மணிக்கு எடுக்குறாகன்னு வந்து சொன்னியே. யாரைடி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வரி ஆபீஸை" என்றேன்.

அம்மா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா… ஆபீஸைக்கா! ஆபீஸைத்தான் எடுக்குறாக! கம்ப்யூட்டரு, மேசை, பெஞ்சு எல்லாத்தையும்!"

தெருவில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, வெயிட்டிங்கா, ரிட்டனா? கெட்டதுன்னு அவசரத்துல மீட்டர் பேசாம வந்துட்டேன்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அந்தச் சிரிப்புதான் கெடுத்துவிட்டது. பெரியப்பா கையை எடுத்துக்கொண்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். அப்பாவும் இரண்டடி பின்னால் போய், தன் இடுப்புத் துண்டைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அண்ணே என்றும் டா என்றும் ஓடிய பேச்சு, குழாயை மூடினது போல் நின்றது. அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ஆள் வந்தும் ஆயிற்று, கட்டிப்பிடித்து அழுதும் ஆயிற்று, இப்போது வந்த வழியே போய்விடுவார் போலிருக்கிறதே என்று.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வந்தது வந்தாச்சு. நாலு மணி வரைக்கும் ஆபீஸ் இருக்கு. வரியைக் கட்டிட்டே போகலாமான்னு கேளு."

நான் பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு, "சட்டையைப் போட்டுட்டு வரச் சொல்லு. ஆபீசுக்கு இப்படியா வர்றது?" என்றார்.

ஆட்டோவில் நான் நடுவில் உட்கார்ந்தேன். பெரியம்மா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஒப்பாரி வைத்த வாயோடும் அடித்த மார்போடும் அப்படியே ரோட்டில் திரும்பக் கூடாது, தலைமுழுகியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். "யாருக்குக்கா தலைமுழுகுறீக? அவருதான் குத்துக்கல்லாட்டம் இருக்காரே" என்று அம்மா கேட்டது, வண்டி கிளம்பும்போது என் காதில் விழுந்தது.

வரி ஆபீஸ் வாசலில், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட சின்ன லாரி நின்றது. மேசையைக் கால் மேலே தெரியக் கவிழ்த்து ஏற்றியிருந்தார்கள். மின்விசிறியைக் கழற்றியதில் உத்தரத்தில் ஒரு கொக்கி மட்டும் தொங்கியது. பில் கலெக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறை நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"என்ன அதிசயம், ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா!"

"வரி கட்ட வந்தோம்" என்றார் பெரியப்பா.

"சிஸ்டத்தைக் கழட்டியாச்சுங்களே. இன்னைக்குப் பில்லுப் போட முடியாது." பிறகு நல்லது சொல்வதாக நினைத்து, "இனிமே நீங்க இப்படி ஒருத்தருக்கொருத்தர் காத்துக்கிடக்க வேண்டாம். வீட்டைப் பாகம் பிரிச்சு எழுதிட்டு ஒரு மனுப் போட்டீங்கன்னா, வரியையும் ரெண்டாப் பிரிச்சுக் குடுத்துருவாங்க. அவரவர் பாட்டுக்குக் கட்டிக்கிரலாம்" என்றார்.

அறையில் மிச்சமிருந்தது பெஞ்சு மட்டும்தான். பழக்க தோஷம், அண்ணனும் தம்பியும் போய் அதன் இரண்டு முனையில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, அவருக்குப் பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறாரான்னு கேளுங்க. முகமெல்லாம் அதைப்பா இருக்கு" என்றார்.

பில் கலெக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் மத்தியானமே ரிலீவ் ஆயாச்சு சார். இத்தனை வருஷமா உங்க ரெண்டு பேரு பேச்சையும் சுமந்து எனக்குத் தோள்பட்டை வலி. இனிமே நீங்களே பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டு, லாரியின் முன் சீட்டில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு மின்விசிறியின் அந்தக் கட்டுக்கட்டுச் சத்தம் இல்லாதது விநோதமாக இருந்தது.

"முடியெல்லாம் கொட்டிப்போச்சே ஒனக்கு" என்றார் பெரியப்பா. இந்தத் தடவை பார்ப்பதற்கு மேசை இல்லை. தம்பியின் தலையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"உங்களுக்கு மட்டும் என்ன வாழுதாம்?"

"எனக்கு வயசாச்சு. ஒனக்கென்ன?"

"எனக்கும்தான் ஆகுது. கூடக்கூடத்தானே வருது."

அதற்குள் சுமைதூக்கும் ஆட்கள் இரண்டு பேர் வந்து, "பெரியவரே, எந்திரிங்க, பெஞ்சை எடுக்கணும்" என்றார்கள். 'எடுக்கணும்' என்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் மற்றவர்கள் சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு. எதற்கென்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். பெஞ்சு லாரியில் ஏறி, லாரி தெருமுனை திரும்பும்வரை மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா தலைக்குக் குளித்து, அம்மாவின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு ஆட்டோவுக்குக் காத்திருந்தார். காபியைத் தொடவே இல்லையாம். கெட்டதுக்கென்று வந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பெரியப்பாவை அவசரப்படுத்தினார்.

"வாங்க, வாங்க. ஒண்ணும் சொல்லிக்கிறாம வாங்க. எதுக்குன்னு கிளம்பி வந்தமோ அந்த முறைக்குத் திரும்பிப் பாக்காமப் போகணும். கெட்ட வீட்டுல சொல்லிக்கிட்டுப் போகக் கூடாது."

அது உள்ள வழக்கம்தான். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போகிறேன் என்றும் சொல்ல மாட்டார்கள், வருகிறேன் என்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் எழுந்து நடந்துவிடுவார்கள். பெரியப்பா முறைகளை விடாதவர். படியிறங்கிப் போய் ஆட்டோவில் ஒரு காலை எடுத்து வைத்தார். அப்பா நிலைக்குள் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவருக்குப் பின்னால்.

ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார். பெரியப்பா வைத்த காலைத் திரும்ப எடுத்தார். பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல், திரும்பி வந்து, படி ஏறி, வலது காலை நிலைக்கு உள்ளே வைத்தார். நேருக்கு நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வாரேன்டா" என்றார்.

அவ்வளவுதான். போய் ஏறிக்கொண்டார், ஆட்டோ போய்விட்டது.

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். தெருவில் புழுதி அடங்கிய பிறகும் நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடை வரைக்கும் வந்திருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

தினமும் எத்தனையோ பேர் எத்தனையோ வீட்டில் சொல்லிவிட்டுப் போகிற சாதாரணப் பேச்சு அது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நானே தினம் சொல்கிறேன், அதற்கு யாரும் அழுததில்லை. ஆகவே அப்பா அதற்காக அழவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பாவம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் உட்கார்ந்து வந்த இடம், அவ்வளவு பிரியம் வைத்திருந்திருக்கிறார் அதன் மேல் என்று நினைத்துக்கொண்டேன். அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"அழுகாதீகப்பா" என்றேன். "பெரிய ஆபீஸ்ல ஏசியெல்லாம் போட்டிருக்காகளாம்."